பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்: சிறுநீரக நோயாளி உள்ள வீட்டுக்கு ஒரு பாடம்



சென்ற ரமழானுக்கு முன் நமது அறக்கட்டளை வழக்கம்போல் மளிகைப் பைகளை வீடு வீடாகக் கொடுத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் தனியாகச் சில பைகள் கட்டினோம். அவர்களுக்கு உப்பு ஆகாது என்று கேள்விப்பட்டிருந்ததால், சாதாரண உப்புக்குப் பதிலாக ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டுகளை, விலை கூடினாலும் பரவாயில்லை என்று வாங்கி வைத்தோம். நல்ல காரியம் செய்துவிட்ட மனநிறைவு எங்களுக்கு.

நோன்பு தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். அந்தப் பை வாங்கியவர்களில் ஒருவரை, தையல் கடை வைத்திருக்கும் சகோதரர் அவர், நடு இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கை கால் தளர்ந்துவிட்டது, நெஞ்சு படபடத்தது. இரத்தத்தில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். மருத்துவர் அவருடைய மனைவியிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “வீட்ல என்ன உப்பும்மா போடுறீங்க?” என்பதுதான்.

அந்தச் சகோதரி மறுவாரம் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க கொடுத்ததாச்சேன்னு நம்பித்தாண்ணே போட்டேன். மத்த வீடுகளுக்கும் குடுத்திருப்பீங்களே, அவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். பொருட்பட்டியலில் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று இருந்தது. சோடியத்தைக் குறைப்பதற்காக அதன் இடத்தில் சேர்த்திருந்தது அதைத்தான். மறைத்து வைக்கவில்லை, அச்சிட்டே இருந்தார்கள். நாங்கள் முன்பக்கத்தைப் படித்து வாங்கினோம், பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அன்று மாலைக்குள் மற்ற வீடுகளுக்கும் ஆள் அனுப்பி அந்த உப்பைத் திரும்ப வாங்கினோம்.

தவறு எங்களுடையது. அதை ஒத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறோம். கடையில் விற்கும் தயார் உணவு ஒன்றைக் கையில் எடுத்தால், அது சிறுநீரக நோயாளிக்கு ஏற்றதா என்று எப்படிப் பார்ப்பது என்பதே பாடம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது உரக்கப் படிக்க, சமைப்பவர்கள் கேட்டால் இன்னும் நல்லது.

முதல் விதி: எல்லாருக்கும் ஒரே பத்தியம் இல்லை

“கிட்னி நோயாளி இதைச் சாப்பிடலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, டயாலிசிஸ் நடக்கிறதா, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு, சுகர் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஓர் உதாரணம் புரதம். டயாலிசிஸ் நிலைக்கு வராத நோயாளிக்குப் புரதத்தை அளவோடு வைக்கச் சொல்வார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு. டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ அது 1 முதல் 1.2 கிராம் வரை கூடும். இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது புரதச்சத்தும் சேர்ந்து வெளியேறுவதே காரணம். டயாலிசிஸ் நடக்கும் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டால் உடம்பு வற்றிப்போகும்.

பொட்டாசியமும் அப்படியே. ஆரம்பக் கட்ட நோயாளி, இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பவர், வாழைப்பழத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே கடைக்குப் போகும் முன் கடைசியாக எடுத்த பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுங்கள். மருத்துவரிடமோ மருத்துவமனை உணவியல் நிபுணரிடமோ கேட்க வேண்டியவை ஐந்து: எனக்கு உப்பு எவ்வளவு? பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டுமா? பாஸ்பரஸைக் குறைக்க வேண்டுமா? புரதம் எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு? ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி வருவதை அந்தத் தாளோடு பொருத்திப் படிக்க வேண்டும்.

நாம் தேடும் நான்கு

*சோடியம்.* சமையல் உப்பில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே. உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நாள் முழுதும், எல்லா உணவிலும் சேர்த்து அவ்வளவுதான். சோடியம் கூடினால் உடம்பில் நீர் தங்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், தாகம் எடுக்கும்.

*பொட்டாசியம்.* பழம், காய், கீரை, பருப்பு, இளநீர் ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள நல்ல சத்து. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் தள்ள முடியாது. இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது மேலே ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது.

*பாஸ்பரஸ்.* இது இரத்தத்தில் கூடினால் தோல் அரிக்கும். நாளடைவில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும். இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேர்கிறது. தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பகுதி அப்படியே சேர்ந்துவிடும். ஆகவே தயார் உணவில் நாம் முதலில் தேட வேண்டியது இயற்கைப் பாஸ்பரஸை அல்ல, சேர்த்த பாஸ்பேட்டை.

*புரதம்.* மேலே சொன்னபடி, அவரவர் அளவு.

இவற்றோடு தண்ணீர். டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீர் குறைந்துவிட்டால் தண்ணீருக்கும் அளவு உண்டு. ரசம், கஞ்சி, டீ, சர்பத், ஐஸ் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

பாக்கெட்டைத் திருப்பினால் என்ன பார்ப்பது?

முன்பக்கம் விளம்பரத்துக்கு. ‘இயற்கையானது’, ‘ஆர்கானிக்’, ‘சுகர் ஃப்ரீ’, ‘மல்டிகிரெய்ன்’, ‘பாரம்பரியச் சுவை’ என்று எது இருந்தாலும் சிறுநீரகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பின்பக்கத்தில் நான்கு படிகளாகப் பாருங்கள்.

முதல் படி, பொருட்பட்டியல். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில் வரும்; குறைந்தது கடைசியில். உப்பு முன்வரிசையில் இருந்தால் அங்கேயே யோசிக்க வேண்டும். உப்பு என்ற பெயரில் மட்டும் சோடியம் வருவதில்லை. ஆப்ப சோடா, அஜினோமோட்டோ, சோடியம் பென்சோவேட் எல்லாம் சோடியம்தான். ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவிலேயே ஏறத்தாழ 1,200 மி.கி. சோடியம் உண்டு.

இரண்டாம் படி, சத்து அட்டவணையில் சோடியம் வரி. நம் நாட்டு விதிப்படி அதைப் பாக்கெட்டில் போட்டாக வேண்டும். 100 கிராமுக்கு 120 மி.கி. அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஓர் உணவைச் ‘சோடியம் குறைந்தது’ என்று சொல்லிக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. 600-க்கு மேல் போனால் அதிகம். பிரிட்டனில் அப்படிப்பட்ட உணவுக்குச் சிவப்பு அடையாளம் போடுகிறார்கள். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 120 நல்லது, 600 கெட்டது. இடையில் இருப்பதை, எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்பது தீர்மானிக்கும்.

மூன்றாம் படி, அளவு. அட்டவணை 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 கிராம் மிக்சர் பாக்கெட். 100 கிராமுக்குச் சோடியம் 800 மி.கி. ஒரு பரிமாறல் 30 கிராம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு பரிமாறலில் 240 மி.கி.; நாள் அளவில் 12 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 30 கிராம் என்பது ஒரு கைப்பிடி. அஸருக்குப் பிறகு டீயோடு உட்கார்ந்து பாதிப் பாக்கெட்டை முடித்தால் 600 மி.கி. முழுப் பாக்கெட்டையும் முடித்தால் 1,200 மி.கி., அதாவது நாள் அளவில் 60 சதவீதம். இரவுச் சாப்பாடு இன்னும் பாக்கி இருக்கிறது.

நான்காம் படி, எண்கள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு ஐ.என்.எஸ். எண் உண்டு. பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் போட்டிருப்பதும் உண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு இது ஒரு வகையில் உதவி. எண்ணை யாரும் பார்த்துவிடலாம். கீழே உள்ளதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

- 338: பாஸ்பாரிக் அமிலம். கறுப்புக் கோலா பானங்களில் இருப்பது.
- 339, 340, 341: சோடியம், பொட்டாசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள்.
- 450, 451, 452: பாஸ்பேட்டின் மற்ற வகைகள். பதப்படுத்திய சீஸ், உறைநிலைக் கோழி உணவுகள், சாசேஜ், கேக் மாவு, சில பிஸ்கட்டுகளில் வரும்.
- 501, 508: பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் குளோரைடு. உடனடி நூடுல்ஸ் பலவற்றிலும் சோடியம் குறைந்த உப்பிலும் வரும்.
- 500, 621, 211: ஆப்ப சோடா வகை, அஜினோமோட்டோ, சோடியம் பென்சோவேட். மூன்றும் சோடியம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பொட்டாசியத்தின் அளவையும் பாஸ்பரஸின் அளவையும் போட்டே ஆக வேண்டும் என்று இங்கே கட்டாயம் இல்லை. எனவே அட்டவணையில் அந்த வரி இல்லையென்றால் அந்தச் சத்து இல்லை என்று பொருள் அல்ல. பொருட்பட்டியலும் எண்களும்தான் அங்கே சாட்சி.

உப்பைப் பற்றி மூன்று தவறான எண்ணங்கள்

‘சோடியம் குறைந்த உப்பு கிட்னிக்கு நல்லது’ என்பது முதலாவது. நாங்களே விழுந்த குழி. அந்த உப்பில் 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் உப்பில் அது ஒன்றரை கிராம். அதிலிருந்து கிடைக்கும் பொட்டாசியம் ஏறத்தாழ 790 மி.கி.; தினமும் இரண்டு வாழைப்பழம் கூடுதலாகச் சாப்பிடுவதற்குச் சமம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது நன்மையாகக்கூட இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமும் விலக்கி வைத்திருக்கிறது.

‘இந்துப்பு கெடுதல் செய்யாது’ என்பது இரண்டாவது. இந்துப்பின் பெரும்பகுதி சாதாரண உப்பின் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறியதால் குணம் மாறுவதில்லை.

‘நான் சாப்பாட்டில் உப்பே போட்டுக்கொள்வதில்லை’ என்பது மூன்றாவது. சரி, ஊறுகாய்? அப்பளம்? கருவாடு? பிரெட்? சூப் கியூப்? கோழிக்குப் போடும் ஒரு சிறு சூப் கியூபில் மட்டும் 1,000 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கும். கடை மசாலாப் பொடிகள் சிலவற்றில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நாமும் ஒரு கை போடுகிறோம். வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டதும் பொங்கி வரும் உப்புத்தூளும் சோடியம்தான்.

அப்படியானால் ருசிக்கு என்ன செய்வது? எலுமிச்சை, புதினா, மல்லித்தழை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு எல்லாம் நம் வீட்டு அடுப்படியில் இருப்பவைதான். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். தையல்காரச் சகோதரரும் இப்போது அதைத்தான் சொல்கிறார்.

லேபிள் இல்லாத உணவு

பேக்கரி, பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம் எங்கும் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கை நாமே போட வேண்டும்.

பிரியாணியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசிக்கு 40 கிராம் உப்பு என்று சமையல்காரர் சொன்னால், பத்துப் பேருக்குப் பரிமாறும்போது ஒருவர் தட்டில் 4 கிராம் உப்பு. நாள் முழுதுக்கும் உள்ள 5 கிராமில் நான்கு ஒரே தட்டில் போய்விட்டது. தாளிச்சா, ஊறுகாய் இன்னும் தொடவில்லை. தாளிச்சாவில் பருப்பு, காய், எலும்புக் கறி எல்லாம் சேர்ந்திருப்பதால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதில் உண்டு.

விருந்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். உறவு முறிந்து பத்தியம் காப்பது பெரிய துன்பம். வீட்டில் உப்பில்லாத சோறு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மண்டபத்தில் கால் தட்டு வாங்குங்கள். கறித்துண்டை எடுத்துக்கொண்டு குழம்பை விடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். அன்று காலையும் இரவும் உப்பைக் குறைத்து நாள் கணக்கைச் சரிக்கட்டுங்கள். விருந்து வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: “இன்னும் கொஞ்சம் வைங்க, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது” என்று நோயாளியின் தட்டில் அள்ளி வைக்காதீர்கள். அவர் வேண்டாம் என்பது உங்களை அவமதிப்பது அல்ல.

ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ் கடைகளில் சோயா சாஸ் ஊற்றுவார்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 900 மி.கி. அளவுக்குச் சோடியம் உண்டு. சாஸ் இல்லாமல் செய்து தரச் சொல்லலாம்; முடியாது என்றால் அங்கே தோசையோ இட்லியோ சட்னி குறைத்துச் சாப்பிடுவது மேல். கடையில் விற்கும் மாவிலும் உப்பும் சோடாவும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். வீட்டில் நூடுல்ஸ் கேட்டு அடம் பிடித்தால், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மசாலாவில் பாதியை மட்டும் போட்டுப் பிரட்டுங்கள். அதுவும் எப்போதாவது ஒரு நாள்.

காய்கறியில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒரு வழி உண்டு. உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். பாக்கெட் சிப்ஸுக்கு இந்த வழி இல்லை. அதில் கிழங்கின் பொட்டாசியமும் சேர்த்த உப்பும் இரண்டும் அப்படியே இருக்கும்.

நோன்பு மாதத்தில்

நோன்பு வைக்கலாமா என்பதை நோயாளி தானாக முடிவு செய்யக் கூடாது. மருத்துவரின் கருத்தைக் கேட்டு, அதை ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வது குறைவான ஈமான் அல்ல.

நோன்பு வைக்காவிட்டாலும் வீட்டில் எல்லாரும் இஃப்தாருக்கு உட்காரும்போது அவரும் உட்காருவார். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் கூடுதல்: பெரிய மெஜூல் பழம் ஒன்றில் ஏறத்தாழ 160 மி.கி., சிறிய பழத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ளவர் சிறிய பழமாக ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். ஒற்றைப்படையாகச் சாப்பிட வேண்டும் என்று மூன்று, ஐந்து என எண்ணுவோர் உண்டு, ஒன்றும் ஒற்றைப்படைதான்.

பள்ளிவாசல் கஞ்சியில் உப்பும் உண்டு, தண்ணீரும் உண்டு. ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு டம்ளர் சர்பத், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு டீ என்றால் முக்கால் லிட்டர் ஆகிவிடும். நாளைக்கு ஒரு லிட்டர் என்று கட்டுப்பாடு உள்ளவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மேலும், உப்பான வடையும் சமோசாவும் தின்றால் தாகம் அடங்காது. உப்பைக் கட்டுப்படுத்தாமல் தண்ணீரைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது.

நலம் விசாரிக்கப் போகும்போது

நோயாளியைப் பார்க்கப் போவது நம் வழக்கம். கையில் எதைக் கொண்டு போகிறோம்? இளநீர், ஆரஞ்சு ஜூஸ், பேரீச்சை, பாதாம், சத்துமாவு. பொட்டாசியம் கூடிய நோயாளிக்கு இவை அனைத்துமே சுமை. ஒரு பெரிய டம்ளர் இளநீரிலேயே ஏறத்தாழ 600 மி.கி. பொட்டாசியம் உண்டு. ஸ்டார் ஃபுரூட் எனப்படும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது. பழுதான சிறுநீரகம் வெளியேற்ற முடியாத நச்சுப்பொருள் ஒன்று அதில் உண்டு, மூளையைப் பாதிக்கும். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஆகியவற்றில் பொட்டாசியம் குறைவு. அதிலும் சந்தேகம் என்றால் வீட்டாரிடம் முதலில் கேளுங்கள். டயாலிசிஸுக்கு ஒரு நாள் துணைக்குப் போவது எந்தப் பழத்தையும்விடப் பெரிய அன்பளிப்பு.

வீட்டுப் பயிற்சி

படித்ததைச் சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள்.

*ஒன்று.* ஒரு பிஸ்கட் பாக்கெட். 100 கிராமுக்குச் சோடியம் 350 மி.கி. ஒரு பிஸ்கட் 8 கிராம். பட்டியலில் 500, 503, 450 என்ற எண்கள். நான்கு பிஸ்கட் சாப்பிடலாமா?

நான்கு பிஸ்கட் 32 கிராம். சோடியம் 112 மி.கி. நாள் கணக்கில் தாங்கும். ஆனால் 450 என்பது பாஸ்பேட். பாஸ்பரஸ் கூடியவர் அந்த எண் இல்லாத வேறு பிஸ்கட்டைத் தேட வேண்டும். சுகர் இருந்தால் சர்க்கரை வரியையும் பார்க்க வேண்டும்.

*இரண்டு.* ‘உப்பு சேர்க்காதது’ என்று போட்ட தக்காளி பியூரி. சோடியம் மிகக் குறைவு. வாங்கலாமா?

சோடியத்தில் தேறுகிறது. ஆனால் பல தக்காளிகளைச் சுண்ட வைத்தது அது. பொட்டாசியமும் சேர்ந்து சுண்டியிருக்கும். பொட்டாசியம் கட்டுப்பாடு இல்லாதவருக்கு நல்லது. இருப்பவருக்கு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

*மூன்று.* உறைநிலைக் கோழி நகெட்ஸ். ஹலால் முத்திரை இருக்கிறது. 100 கிராமுக்குச் சோடியம் 550 மி.கி. பட்டியலில் 451, 452. டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதம் வேண்டுமே, கொடுக்கலாமா?

ஹலால் முத்திரை அது நமக்கு ஆகுமானதா என்று சொல்கிறது. நம் நோய்க்கு ஏற்றதா என்று சொல்வதில்லை. ஆகுமானதைத் தேடும் அதே கவனத்தோடு தூய்மையானதையும் உடலுக்கு நலமானதையும் தேட வேண்டும். அதே காசுக்கு நம் தெருக் கடையில் கண் முன்னே அறுத்த கோழியை வாங்கி, உப்புக் குறைத்து மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள். புரதம் கிடைக்கும், சேர்த்த பாஸ்பேட் இருக்காது.

இனி நாங்கள் செய்யப்போவது

சிறுநீரக நோயாளி உள்ள வீட்டுக்கு இனிப் பொதுவான பை கிடையாது. சுவரில் ஒட்டச் சொன்ன அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, அதற்கேற்பத்தான் பொருள் வைப்போம். வரும் ரமழானில் கஞ்சி காய்ச்சும்போது உப்புப் போடும் முன் ஒரு சிறு சட்டியில் தனியாக எடுத்து வைக்க ஜமாஅத் நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியவர்கள் அஸர் தொழுகைக்குள் பாத்திரம் கொடுத்தனுப்பலாம்; அதைக் குடிக்கலாமா, எவ்வளவு என்பதைத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாக்கெட் ஒன்றைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். ஆனால் எங்கள் சொல் மருத்துவர் சொல்லுக்கு மேல் அல்ல.

நோய் இல்லாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் கெடுவதற்குப் பெரிய காரணங்கள் சுகரும் பிரஷரும். இரண்டும் நம் வீடுகளில் நிறைய. அவர்கள் வருடம் ஒரு முறையாவது இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதாத வலி மாத்திரையை மெடிக்கலில் வாங்கி விழுங்கும் பழக்கத்தை விட வேண்டும்.

தையல்காரச் சகோதரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார்; மற்ற நாட்களில் கடையில் உட்கார்ந்து தைக்கிறார். அவர் மனைவிதான் இப்போது எங்கள் பைகளைக் கட்டும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து, சரி என்று சொல்பவர். எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் படிப்பார். எண்கள் அவருக்கு மனப்பாடம்.

நோயில் இருப்போர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. தெரியாமல் நாங்கள் செய்த பிழையை மன்னிப்பானாக. ஆமீன்.